ஃபயர்பால் இருந்தும் ஏன் கை கட்டி நிற்கிறீர்கள்?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி ஆட்டத்தில் விஸார்டாக, அதாவது புத்தகத்திலிருந்து மந்திரம் கற்பவராக, ஆடுகிறீர்கள், ஐந்தாம் லெவல் வந்தாயிற்று. லெவல் ஏறும்போதெல்லாம் மந்திரப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் முழிக்கிறீர்கள். பார்த்த தரவரிசைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. ஆசை ஆசையாக ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்தை எடுத்தீர்கள். இரண்டு தடவை வீசியதும் தீர்ந்துபோனது, அதன்பின் சண்டை முடியும்வரை சும்மா நிற்கிறீர்கள். ‘எது சிறந்த மந்திரம், தப்பாக எடுத்துவிட்டேனா, முதலிலிருந்து ஆடட்டுமா’ என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: கையில் பலமான மந்திரம் இருந்தும் ஏன் அந்தப் பலம் களத்தில் தெரியவில்லை? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். அது தெளிந்தால் பட்டியலை நீங்களே போட்டுக்கொள்வீர்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது. அதற்கு அடுத்த வருடத்திலிருந்து நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் மேசையில் பகடை உருட்டி அதை நடத்திவருகிறேன். லேரியன் ஸ்டுடியோஸ் 2023 ஆகஸ்டில் பால்டர்ஸ் கேட் 3 வெளியிட்டபோது, அதே விதிகளைக் கணினியில் பார்த்த சந்தோஷத்தில் மூன்று முறை முழுதாக முடித்தேன். இருப்பதிலேயே கடினமான முறையான ஹானர் மோடில் ஒரு முறை இறங்கி, பாதியிலேயே மொத்தக் குழுவும் செத்தது. ஆகவே அந்த முறையைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் உப்புப் போட்டே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வருவதில் எண்களும் விதிகளும் ஆட்டத்தில் இருப்பவை. எதை முதலில் எடுப்பது, எதை விடுவது என்பது என் ருசி. வேறொருவர் வேறு மாதிரி ஆடியும் ஜெயிப்பார்.

முதலில் மனக்கவலையைத் தீர்த்துவிடுகிறேன். விஸார்டாக நீங்கள் எதையும் தப்பாக எடுத்துவிட முடியாது. லெவலுக்கு இரண்டு மந்திரம் இலவசமாக வரும். அது போக, வழியில் கிடைக்கும், கடையில் வாங்கும் ஸ்க்ரோல்களிலிருந்து (மந்திரம் எழுதிய சுருள்கள்) உங்கள் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம். மந்திரத்தின் படிக்கு 50 பொற்காசு வீதம் செலவு, அதாவது மூன்றாம் படி மந்திரம் என்றால் 150. நீங்கள் எவொகேஷன் பிரிவை (நெருப்பு, மின்னல் போன்றவற்றை ஏவும் மந்திரங்கள்) தேர்ந்திருந்தால் எவொகேஷன் மந்திரங்களுக்கு அதில் பாதிதான். (குழப்பம் வராமலிருக்க, ஆளின் வளர்ச்சியை லெவல் என்றும் மந்திரத்தின் உயரத்தைப் படி என்றும் சொல்கிறேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துப் பலரைக் குழப்பியிருக்கிறார்கள்.) சண்டையில் இல்லாத எந்த நேரத்திலும், தூங்கி எழாமலேயே, தயார் நிலையில் வைக்கும் மந்திரங்களை மாற்றிக்கொள்ளலாம். மேசை ஆட்டத்தில் இந்தச் சலுகை கிடையாது, காலையில் தீர்மானித்ததுதான் அன்று முழுதும். இதே கேள்வியை ஒரு சோர்சரர் (பிறவியிலேயே மந்திரம் வந்த இன்னொரு வகுப்பு) கேட்டிருந்தால் நான் பயமுறுத்தியிருப்பேன். அவர்களுக்கு லெவல் ஏறும்போது ஒரு மந்திரத்தை மட்டுமே மாற்ற முடியும், ஸ்க்ரோலிலிருந்து எழுதிக்கொள்ளவும் முடியாது. அப்படியே வகுப்பையே மாற்றத் தோன்றினாலும், முகாமுக்கு வந்து நிற்கும் விதர்ஸ் என்ற எலும்புக்கூட்டுப் பெரியவர் 100 பொற்காசுக்கு எல்லாவற்றையும் அழித்து மறுபடி எழுதித் தருவார். முதலிலிருந்து ஆட வேண்டிய அவசியமே இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். மந்திரக்காரன் கையில் மூன்று பைகள் இருக்கின்றன. ஒன்று ஸ்லாட், அதாவது ஓய்வெடுக்கும்வரை எத்தனை மந்திரம் போடலாம் என்ற கணக்கு. ஐந்தாம் லெவலில் முதல் படிக்கு நான்கு, இரண்டாம் படிக்கு மூன்று, மூன்றாம் படிக்கு இரண்டே இரண்டு. ஃபயர்பால் மூன்றாம் படி, அதனால்தான் இரண்டோடு தீர்ந்தது. இரண்டாவது பை உங்கள் டர்ன், அதாவது உங்கள் ஆட்ட முறை. ஒரு சுற்றில் ஒரு ஆக்ஷன், ஒரு போனஸ் ஆக்ஷன், அடுத்தவர் முறையில் பயன்படும் ஒரு ரியாக்ஷன். மூன்றாவதைத்தான் புதியவர்கள் கவனிப்பதில்லை: கான்சன்ட்ரேஷன். பல மந்திரங்கள் நீங்கள் மனதை அதில் வைத்திருக்கும்வரைதான் நிற்கும், ஒரே நேரத்தில் ஒன்றில்தான் மனதை வைக்க முடியும். தலையில் தண்ணீர்க் குடம் வைத்து நடப்பது மாதிரி என்று என் மேசையில் புதிதாக உட்காருபவர்களுக்குச் சொல்வேன். ஒரு குடம்தான். இரண்டாவதை ஏற்றப் பார்த்தால் முதல் குடம் விழும். யாராவது இடித்தாலும் விழலாம்.

தரவரிசைகள் ஏமாற்றுவது இங்கேதான். ‘முதல் தரம்’ என்று பட்டியலிட்ட பத்து மந்திரங்களில் ஆறேழு கான்சன்ட்ரேஷன் கேட்பவையாக இருக்கும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் முதல் தரம்தான், பொய்யில்லை. ஆனால் பத்தையும் ஒரே ஆள் எடுத்தால் ஒரு சண்டையில் ஒன்றுதான் ஓடும். மிச்சம் ஐந்தாறும் பையில் கிடக்கும் கல்.

என் கதையையே சொல்கிறேன். முதல் முறை ஆடும்போது, மலைப்பாதைக்குப் போகும் வழியில் பாலத்தருகே கித்யாங்கி என்ற போர் இனத்தாரின் ரோந்துப்படை நிற்குமே, அங்கே பேச்சு முற்றிச் சண்டை வந்தது. என் விஸார்டு ஐந்தாம் லெவல். முதல் டர்னிலேயே என் குழுவின் ஃபைட்டரான (வாள் வீசும் வகுப்பு) லேஸெல் மீது, வேகம் கூட்டும் ஹேஸ்ட் மந்திரத்தைப் போட்டேன். ஐந்தாம் லெவல் ஃபைட்டருக்கு ஒரு ஆக்ஷனில் இரண்டு வெட்டு, ஹேஸ்ட் இன்னொரு ஆக்ஷன் தரும், ஆக நான்கு வெட்டு. அவளும் குதித்துப்போய் நடுக்கூட்டத்தில் நின்று ஒருவனை நான்கே வெட்டில் சாய்த்தாள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த டர்னில் வாளோடு ஒரு கித்யாங்கி என் குழுவின் கிளெரிக்கை (தெய்வ மந்திரம் போடும் பூசாரி) நோக்கிப் பாய்வதைப் பார்த்துப் பதறி, ஆளைக் கட்டிப்போடும் ஹோல்ட் பெர்ஸனைச் சொடுக்கினேன். விளக்கப் பெட்டியில் கான்சன்ட்ரேஷன் என்று எழுதித்தான் இருந்தது. பதற்றத்தில் யார் படிக்கிறார்கள்! அவன் சேவிங் த்ரோவில் (மந்திரத்தை எதிர்க்க உருட்டும் பகடை) தப்பித்தான், கட்டுண்டு நிற்கவில்லை. இந்தப் பக்கம் ஹேஸ்ட் அறுந்தது. ஹேஸ்ட் அறுந்தால் அது தரித்திருந்தவர் அடுத்த டர்ன் முழுக்கச் சோர்ந்து நிற்பார், அசைய முடியாது, அடிக்க முடியாது. எதிரிகள் நடுவில் லேஸெல் சிலை மாதிரி நின்றாள். சுற்றி நின்ற மூவரும் அவளை முடித்தார்கள், பிறகு கிளெரிக்கை, பிறகு என்னை. ஒரே ஒரு சொடுக்கு. எதிராளி எனக்குச் செய்ததைவிட நானே எனக்கு அதிகம் செய்துகொண்டேன். அன்றிலிருந்து மந்திரம் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கும் முதல் விஷயம் அந்த ஒரு சொல் இருக்கிறதா என்பதுதான்.

நீங்களாக உடைக்காவிட்டாலும் எதிரி உடைக்கலாம். அடி விழும்போதெல்லாம் ஒரு கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவிங் த்ரோ கேட்கும். இலக்கு 10, அல்லது வாங்கிய அடியில் பாதி, எது பெரிதோ அது. கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ள விஸார்டுக்குக் கூட்டல் 2, ஆக 12 புள்ளி அடி விழுந்தால் இருபதுமுகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் வர வேண்டும், வாய்ப்பு 65 சதவீதம். பரவாயில்லையே என்று தோன்றும். அதே சுற்றில் இரண்டு அடி விழுந்தால் இரண்டையும் தாண்டும் வாய்ப்பு 42 சதவீதம்தான், மூன்றென்றால் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல். வார் காஸ்டர் என்ற ஃபீட் (சிறப்புத் திறமை) எடுத்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை வைத்துக்கொள்ளலாம், 65 என்பது 88-ஐத் தொடும். நான்காம் லெவலில் ஃபீட்டுக்குப் பதில் நீங்கள் இன்டெலிஜென்ஸை (புத்தியை) ஏற்றியிருந்தால் அதுவும் சரியான முடிவுதான். எட்டாம் லெவலில் வார் காஸ்டரை யோசியுங்கள். அதுவரை செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு: மந்திரத்தைப் போட்டுவிட்டுத் தூண் மறைவில் போய் நில்லுங்கள். பார்வையில் படாதவனை அம்பு தேடி வராது.

இப்போது டேமேஜ் கணக்கு. ஸ்லாட் செலவில்லாத மந்திரங்களான கேன்ட்ரிப்பில் ஃபயர் போல்ட்டை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் லெவலில் ஒரு பத்துமுகப் பகடை, சராசரி 5.5. எதிரியின் ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 15, உங்கள் கூட்டல் 5 என்றால் பகடையில் 10 வர வேண்டும், 55 சதவீதம். ஆக ஒரு வீச்சுக்கு உண்மையில் கிடைப்பது சுமார் 3 புள்ளி. மேஜிக் மிஸைல் முதல் படி மந்திரம்: மூன்று அம்புகள், ஒவ்வொன்றும் ஒரு நான்குமுகப் பகடை கூட்டல் 1, தவறவே தவறாது, சராசரி 10.5. எதிரியிடம் ஷீல்டு மந்திரம் இருந்தால் மட்டும்தான் வீணாகும். 3-க்கும் 10-க்கும் உள்ள இந்த இடைவெளிதான் முதல் படி ஸ்லாட்டின் விலை. சாகும் தறுவாயில் 6 ஹெச்பியோடு (உயிர்ப் புள்ளி) ஓடுகிற எதிரியை முடிக்க இதைவிட நம்பகமான பொருள் ஆட்டத்தில் இல்லை. இன்னொன்று, மூன்று அம்பும் தனித்தனி அடி. எதிரி மந்திரக்காரன் தலையில் குடம் வைத்திருந்தால் மூன்று தடவை இடித்ததாகக் கணக்கு. அழகில்லாத மந்திரம்தான், எனக்குப் பிடிக்கும்.

ஃபயர்பாலுக்கு வருகிறேன். எட்டு ஆறுமுகப் பகடைகள், சராசரி 28. நான்கு மீட்டர் ஆரத்துக்குள் நிற்பவர்கள் எல்லாருக்கும் விழும், டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவிங் த்ரோவில் தப்பினால் பாதி. இன்டெலிஜென்ஸ் கூட்டல் 4 உள்ள ஐந்தாம் லெவல் விஸார்டின் இலக்கு எண் 15. கூட்டல் 2 உள்ள எதிரி 60 சதவீதம் தோற்பான். அப்போது ஆளுக்கு எதிர்பார்க்கக்கூடியது 22.4. மூன்று பேர் மேல் விழுந்தால் மொத்தம் 67. எண்ணைப் பார்த்தால் வாய் பிளக்கத்தான் தோன்றும். ஆனால் அந்த மூவருக்கும் தலா 40 ஹெச்பி என்று வையுங்கள். ஒருவனும் சாகவில்லை. மூவரும் அடுத்து எழுந்து முழுப் பலத்தோடு உங்களை அடிப்பார்கள். இந்த ஆட்டத்தில் 1 ஹெச்பி உள்ளவனும் 40 ஹெச்பி உள்ளவனும் ஒரே வேகத்தில்தான் வெட்டுவார்கள். காயம் யாரையும் தளர்த்தாது. அதனால் பரவலாகக் கொஞ்சம் கொஞ்சம் புண்படுத்துவதைவிட, ஒருவனை முழுதாக இல்லாமல் செய்வதும் இருவரை ஆட விடாமல் செய்வதும் உங்கள் குழுவைக் காப்பாற்றும். நீங்கள் கை கட்டி நிற்பதாக எழுதியதன் காரணம் என் கணிப்பில் இதுதான்: இரண்டு ஃபயர்பாலையும் சண்டையின் தொடக்கத்தில், எல்லாரும் முழு ஹெச்பியோடு நிற்கும்போது வீசியிருப்பீர்கள். அதை 25-க்குக் கீழே உள்ளவர்கள் நெருக்கமாக நிற்கும் தருணத்துக்கு வையுங்கள். ஹெச்பி குறைந்த கோப்ளின் குட்டிப்பூதங்களின் கூட்டம் என்றால் அந்தத் தருணம் முதல் டர்னிலேயே இருக்கும், அப்போது தயங்கவே வேண்டாம். நீங்கள் எவொகேஷன் விஸார்டு என்றால் உங்கள் ஆட்கள் நடுவில் நின்றாலும் அவர்கள்மேல் தீ படாது. மற்றப் பிரிவுகளில் இருப்பவர்கள் தோழர்களை வறுத்துவிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

எதிரியை ஆட விடாமல் செய்கிறவற்றைத்தான் நான் உண்மையில் பலமான மந்திரங்கள் என்பேன். முதல் மூன்று லெவல்களில் ஸ்லீப் அதற்கு ராஜா. மேசையில் பகடை உருட்டிப் பார்க்க வேண்டிய ஒன்றை லேரியன் நிலையான எண்ணாக ஆக்கிவிட்டது: நீங்கள் சுட்டுகிறவர்களின் மிச்ச ஹெச்பி கூட்டி 24-க்குள் இருந்தால் தூக்கம் நிச்சயம், சேவிங் த்ரோ கிடையாது. எல்ஃப்களிடமும் செத்து எழுந்தவர்களிடமும் செல்லாது. ஐந்தாம் லெவலில் எதிரிகளின் ஹெச்பி ஏறிவிடுவதால் அதற்கு ஓய்வு கொடுத்துவிடலாம். ஹோல்ட் பெர்ஸன் மனித உருக்கொண்டவர்களுக்கு மட்டும், விஸ்டம் (மன உறுதி) சேவிங் த்ரோ கேட்கும். கட்டுண்டவனை மூன்று மீட்டருக்குள் நின்று அடித்தால் ஒவ்வொரு அடியும் கிரிட்டிக்கல், அதாவது டேமேஜ் பகடை இரட்டிப்பாகும். ரோக் (பதுங்கிக் குத்தும் வகுப்பு) ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், ஒரே குத்தில் கதை முடியும். ஹிப்னாட்டிக் பேட்டர்ன் கூட்டத்தையே மயக்கும், யாரை அடிக்கிறீர்களோ அவன் மட்டும் விழித்துக்கொள்வான். மேசையில் ஒரு நிமிடம்வரை நிற்கும், கணினியில் சில டர்ன்கள்தான். இருந்தாலும் ஆறு பேரில் நால்வர் இரண்டு டர்ன் ஆடாமல் நின்றால் எட்டு முறை வாள் வீச்சு இல்லாமல் போகிறது. ஃபயர்பாலின் 67-ஐ இந்த எட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிரீஸ் என்ற எண்ணெய்ப் பசை மந்திரத்தைப் பலர் சிரித்துக்கொண்டே தாண்டிப் போய்விடுவார்கள். முதல் படி ஸ்லாட், கான்சன்ட்ரேஷன் வேண்டாம், தரையில் கொட்டியதும் மேலே நடப்பவன் வழுக்கி விழுவான். விழுந்தவனின் டர்ன் அங்கேயே முடியும். வாசல்படியில் கொட்டிவிட்டு உள்ளே நின்று பாருங்கள், வரிசையில் வந்து விழுவார்கள். நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும் என்பதைக் கூடுதல் லாபமாகவும் கொள்ளலாம், ஆபத்தாகவும் கொள்ளலாம். சிலந்தி வலை விரிக்கும் வெப் அதே வேலையை இன்னும் அழுத்தமாகச் செய்யும், ஆனால் குடம் கேட்கும்.

எந்தச் சேவிங் த்ரோவைக் கேட்கும் மந்திரம் என்பதைப் பொறுத்து வெற்றி பாதிக்குப் பாதி மாறும். எதிரியை ரைட் கிளிக் செய்து எக்ஸாமின் பார்த்தால் ஆறு குணங்களின் எண்ணும் தெரியும். கனத்த கவசம் போட்ட முரடனுக்கு விஸ்டம் குறைவாக இருக்கும், ஹோல்ட் பெர்ஸன் போடுங்கள். பூசாரிகளுக்கு விஸ்டம் அதிகம், அவர்கள் காலடியில் கிரீஸ் கொட்டுங்கள். ஒரே குணத்தைச் சோதிக்கும் மந்திரங்களையே அடுக்கி வைத்தால் ஒரு நாள் எதற்கும் அசையாத எதிரி வருவான், அன்று ஒன்பது மந்திரமும் ஒரே மந்திரமாகத் தெரியும்.

ஒன்பது என்றேன் அல்லவா, அதுதான் உங்கள் எண்ணிக்கை: லெவல் ஐந்து, இன்டெலிஜென்ஸ் கூட்டல் நான்கு. என் ஐந்தாம் லெவல் விஸார்டு தயாராக வைத்திருந்தவை இவை. ஷீல்டு நிரந்தரம். அடி விழப் போகும் நேரத்தில் ரியாக்ஷனாக ஏசியை 5 கூட்டும், அடுத்த டர்ன்வரை நிற்கும். என் முதல் படி ஸ்லாட்டுகளில் பாதி இதற்கே போகும். மேஜிக் மிஸைல், கிரீஸ் இரண்டும் மேலே சொன்ன காரணங்களுக்காக. இரண்டாம் படியில் மிஸ்டி ஸ்டெப்: போனஸ் ஆக்ஷனில் 18 மீட்டர் தாவி மறையலாம், அதே டர்னில் முழு மந்திரமும் போடலாம். மேசை விதியில் அப்படித் தாவிவிட்டால் மிச்ச ஆக்ஷனுக்குக் கேன்ட்ரிப் மட்டும்தான். லேரியன் அந்தக் கட்டைத் தளர்த்திவிட்டது, அனுபவியுங்கள். பிறகு ஹோல்ட் பெர்ஸன், வெப். மூன்றாம் படியில் ஃபயர்பால், ஹிப்னாட்டிக் பேட்டர்ன், எதிரியின் மந்திரத்தை ரியாக்ஷனில் தடுக்கும் கவுன்டர்ஸ்பெல். ஒன்பதில் குடம் கேட்பவை மூன்று: ஹோல்ட் பெர்ஸன், வெப், ஹிப்னாட்டிக் பேட்டர்ன். மனித உருவில் ஒற்றைப் பெருந்தலை என்றால் முதலாவது, குறுகலான இடம் என்றால் இரண்டாவது, திறந்த வெளியில் கூட்டம் என்றால் மூன்றாவது. ஒரு சண்டையில் ஒன்றுதான், அதை முதல் டர்னிலேயே தீர்மானித்துவிடுவேன். அடுத்தடுத்த டர்ன்களில் குடத்தைச் சாய்க்காத மற்ற ஆறும் வேலை செய்யும். கை கட்டி நிற்கும் நேரம் வராது.

ஹேஸ்ட் எங்கே என்று கேட்பீர்கள். உங்கள் குழுவில் இரண்டு வெட்டு வெட்டும் ஆள் இருந்தால், நீங்கள் அடி படாத இடத்தில் நிற்க முடிந்தால், ஹிப்னாட்டிக் பேட்டர்னை எடுத்துவிட்டு ஹேஸ்ட் வையுங்கள். சாதாரண முறையிலும் அதைவிடக் கடினமான டாக்டிஷியனிலும் அது தரும் லாபம் கொள்ளை லாபம். 2023 நவம்பர் கடைசியில் வந்த ஹானர் மோடில் அந்தக் கூடுதல் ஆக்ஷனுக்கு இரட்டை வெட்டுக் கிடையாது என்று கத்தரித்துவிட்டார்கள். தரவரிசைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு இது ஒரு காரணம்: எழுதியவர் எந்த முறையில் ஆடினார் என்று சொல்லாமலேயே எழுதியிருப்பார். என் கித்யாங்கி அனுபவத்துக்குப் பிறகு ஹேஸ்ட்டின் மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அது மந்திரத்தின் குற்றம் இல்லை.

கிளெரிக்கான ஷேடோஹார்ட் உங்களோடு இருந்தால் அவளுடைய குடத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள். குழுவுக்கு மொத்தம் எத்தனை குடம் என்பதே சரியான கேள்வி. அவள் பிளெஸ் போட்டால் மூன்று பேரின் தாக்குதலிலும் சேவிலும் ஒரு நான்குமுகப் பகடை கூடும். ஐந்தாம் லெவலில் ஸ்பிரிட் கார்டியன்ஸ் கிடைக்கும்: தன்னைச் சுற்றிச் சுழலும் ஆவிகள், மூன்று எட்டுமுகப் பகடை, பத்து டர்ன். அவளை எதிரிகள் நடுவே நடக்க விட்டாலே போதும். இரண்டாம் பாகத்தில் நிழல் சாபம் பிடித்த நிலத்துக்குப் போகும்போது இதன் அருமை தெரியும்.

என் மேசையில் கிடைக்காத, லேரியன் தந்த இன்னொரு விருந்து ஈரம். நனைந்த எதிரி மின்னலுக்கும் குளிருக்கும் இரண்டு மடங்கு அடி வாங்குவான், நெருப்புக்குப் பாதி. ஷேடோஹார்ட் முதல் படி ஸ்லாட்டில் கிரியேட் வாட்டர் போட்டாலும் சரி, யாராவது தண்ணீர்க் குப்பியை எறிந்தாலும் சரி. அடுத்து நீங்கள் லைட்னிங் போல்ட் விட்டால், ஃபயர்பாலின் அதே எட்டுப் பகடை, சராசரி 28 என்பது 56 ஆகும். ஒரு குப்பித் தண்ணீரின் விலை என்ன! ஆகவே லைட்னிங் போல்ட் ஸ்க்ரோல் கண்ணில் பட்டால் எழுதிக்கொண்டுவிடுங்கள். எதிரிகள் வரிசையாக நிற்கும் பாலங்களில் ஃபயர்பால் இருந்த இடத்தில் அதை வைக்கலாம். பதினோராம் லெவலில் ஆறாம் படிக்கு ஒரே ஒரு ஸ்லாட் வரும்போது செயின் லைட்னிங் எடுப்பதும் இதே கணக்கில்தான்: பத்து எட்டுமுகப் பகடை, சராசரி 45, நனைந்தவனுக்கு 90. நனைத்த கையோடு ஃபயர்பால் வீசாதீர்கள். நான் வீசியிருக்கிறேன்.

எடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது ட்ரூ ஸ்ட்ரைக். ஒரு டர்னைச் செலவழித்து அடுத்த அடிக்கு இரட்டைப் பகடை தருகிறது. 55 சதவீத ஆள் இரண்டு டர்னும் நேராக அடித்தால் சராசரியாக 1.1 அடி படும். முதல் டர்னைச் செலவழித்துவிட்டு ஒரு முறை இரட்டைப் பகடையில் அடித்தால் 0.8. கணக்கிலேயே நஷ்டம். மின்னல் மந்திரமான விட்ச் போல்ட் எனக்குப் பிடிக்காது, குடம் கேட்கிறது, கேட்கும் அளவுக்குக் கொடுப்பதில்லை. ஆனால் ஈரமாக்கி வைத்து அதையே கொண்டாடுபவர்களையும் பார்த்திருக்கிறேன், அது ருசிப் பிரச்சினை.

சண்டைக்கு வெளியே உதவும் மந்திரங்களுக்கு இந்த ஒன்பதில் இடம் கொடுப்பதில் நான் கஞ்சன். நடை வேகம் கூட்டும் லாங்ஸ்ட்ரைடர், விழும்போது அடி படாமல் காக்கும் ஃபெதர் ஃபால் போன்றவை ரிச்சுவல் வகை, சண்டையில் இல்லாதபோது ஸ்லாட் செலவில்லை. மேலே சொன்னபடி எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமே, பள்ளத்தில் குதிக்கும் முன் ஃபெதர் ஃபாலைத் தயார்செய்து, இறங்கியபின் பழையதை வையுங்கள். செத்தவரோடு பேசும் மந்திரத்துக்கு ஒரு தாயத்து இருக்கிறது, விதர்ஸ் கிடக்கும் அதே நிலவறையில் கிடைக்கும். எப்போதாவது தேவைப்படுவதை ஸ்க்ரோலாகவே வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்தில் ஸ்க்ரோலை யாரும் படிக்கலாம், உங்கள் ஃபைட்டர்கூட. என் முதல் ஆட்டத்தை முடித்தபோது பையில் நாற்பதுக்கு மேல் ஸ்க்ரோல்கள் திறக்காமல் கிடந்தன, ‘கடைசிச் சண்டைக்கு’ என்று சேர்த்தவை. கடைசிச் சண்டையில் ஏழு பயன்பட்டிருக்கும்.

அதோடு ஒட்டியே ஒன்று. தூங்கவும் கஞ்சத்தனம் வேண்டாம். நெடும் ஓய்வுக்கு 40 உணவுப்பொருள், டாக்டிஷியனில் 80. கண்ணில் படும் மூட்டை, பீப்பாய் எல்லாம் துழாவினால் மீந்துபோகும். ஸ்லாட் போன நிலையில் அடுத்த கதவைத் திறப்பவர்கள்தான் ‘விஸார்டு பலவீனம்’ என்று எழுதுகிறார்கள். ஓய்வுக்கு முன்னால் ஆர்கேன் ரெகவரி என்று ஒன்று உங்களுக்கே உண்டு, சண்டைக்கு வெளியே சொடுக்கினால் சில ஸ்லாட்டுகள் திரும்பும். அதைத் தொடாமலேயே ஐந்தாம் லெவல் வந்தவர்களை நான் அறிவேன். உங்கள் இரண்டு ஃபயர்பாலுக்குப் பிறகு அது மிச்சமிருந்ததா என்று பாருங்கள்.

கடைசியாக, ஷீல்டும் கவுன்டர்ஸ்பெல்லும் தயார் செய்ததும் ரியாக்ஷன் பக்கத்தைத் திறந்து, இரண்டுக்கும் நேராக உங்களைக் கேட்டுவிட்டுச் செய்யும்படி குறி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு ரியாக்ஷன்தான். ஏதோ ஒரு கோப்ளினின் சில்லறை அம்புக்கு ஷீல்டு தானாகத் திறந்துகொண்டால், அடுத்த நொடியில் எதிரி மந்திரக்காரன் உங்கள்மேலேயே ஃபயர்பால் வீசும்போது தடுக்கக் கை இருக்காது.